கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் மேற்பார்வையா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு. அங்கிருந்து காப்பிக் காடுகளின் நடுவே போனால் செம்மநத்தம். இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்று ஏடுகள் கூறுகின்றன. காட்டைத் திருத்தியது யார், குழி வெட்டியது யார், நாற்றைச் சுமந்தது யார் என்று அந்த ஏடுகளில் தேடினால் கிடைக்காது. பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் இன்று தோட்டத்துக்குத் தொழில் பயில வருகிற கல்லூரி மாணவரின் பதிவேட்டிலும் அதே கதையல்லவா எழுதப்படுகிறது!

வேளாண்மைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி, விவசாயிகளிடமும் தொழில் நிலையங்களிலும் அனுபவம் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. படிப்பும் உழைப்பும் கைகோக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. இதற்கான உபகாரச் சம்பளத்தை மாதம் 3000 ரூபாய் என்று 2015-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. நாளொன்றுக்கு 100 ரூபாய்! உல்லாசப் பயணிகள் ஏறி இறங்குகிற மலையில் 100 ரூபாயில் எப்படி உண்டு உறங்குவது என்று கணக்குப் போட்டவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது யார்? பத்திரிகைகளில் படம் வருகிறது: மாணவிகள் நின்று செயல்விளக்கம் தருகிறார்கள், விவசாயிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். கற்க வந்தவர்கள் கற்பிக்கிறார்கள்! மாணவிகள் மீது குற்றமில்லை. மதிப்பெண்ணுக்குப் படம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அரபிகா காப்பிக்கு எமன். நிழல் குறைந்து வெயில் படுகிற செடியைத் தேடி வந்து, பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது தண்டில் ஒரு சிறு புடைப்புத்தான். அதை விரலால் தடவிக் கண்டுபிடிப்பவர் யார்? வரிசை வரிசையாகக் குனிந்து பட்டையைத் தேய்த்துவிடும் பெண் தொழிலாளி. எந்தச் செடியைப் பிடுங்கிக் கொளுத்த வேண்டும் என்று முதலில் அறிபவர் அவர். மாணவரின் பதிவேட்டிலோ, ‘தோட்ட நிர்வாகம் பூச்சியைக் கட்டுப்படுத்துகிறது’ என்று ஒரு வரி! தொழிலாளி அங்கே ‘கூலிச் செலவு’ என்ற இனத்தில் ஓர் எண்.

பழம் பறிக்கும் காலத்தில் மாணவரைத் தராசடிக்கு அனுப்புகிறார்கள். எடை எழுதுகிறார், சீட்டு எழுதுகிறார். சம்பளம் வாங்குகிற எழுத்தர் செய்ய வேண்டிய வேலை இது. “இலவசமாகத் தொழில் கற்றுத் தருகிறோமே!” என்பார்கள் நிர்வாகத்தார். இலவசம் யாருக்கு? ஏறத்தாழ 6 கிலோ பழம் ஒரு கிலோ காப்பிக்கொட்டை ஆகிறது. அந்த 6 கிலோவைப் பறித்தவருக்குக் கிடைத்தது எவ்வளவு, அந்த ஒரு கிலோ சந்தையில் விற்றது எவ்வளவு என்று தராசடியில் நிற்கிற மாணவர் கேட்டுவிட்டால், அதுதான் பொருளாதாரப் பாடம்! கேட்கச் சொல்ல அங்கே ஆசிரியர் இருக்க வேண்டுமே.

ஆசிரியர் எங்கே? பெரும்பாலும் ஒரு தடவை வருகிறார், மேலாளர் அறையில் காப்பி குடிக்கிறார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையிறங்குகிறார். அவரை நோவதில் பயனில்லை. வகுப்பும் எடுத்து, தேர்வுத்தாளும் திருத்தி, பல ஊர்களில் கிடக்கும் மாணவர்களை ஒருவரே பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? கலைக் கல்லூரிகளிலோ இந்த வேலை கௌரவ விரிவுரையாளர் தலையிலும் விழுகிறது. கௌரவம் பெயரில் இருக்கிறது, பணி நிரந்தரத்தில் இல்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் மாணவரை மேய்ப்பது மேஸ்திரி. மேற்பார்வை என்றால் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்று கங்காணி காலத்திலிருந்து தொழிலாளிக்குத் தெரியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 11-வது பிரிவு, பயிற்சிக்குத் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 18-வது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர தொழிலாளி அல்ல என்கிறது. கடமையை மீறிய முதலாளிக்குச் சிறை என்று இருந்ததை 2014-ல் திருத்தி, அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். இதுகூட ஒப்பந்தம் எழுதிய பழகுநருக்குத்தான். படிப்பின் பகுதியாக வருகிற மாணவருக்குப் பெரும்பாலும் அந்த ஒப்பந்தமும் இல்லை. சரிவில் வழுக்கிக் கால் முறிந்தால் கல்லூரி தோட்டத்தைக் காட்டும், தோட்டம் கல்லூரியைக் காட்டும்.

பயிற்சிக்கு அனுப்புமுன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். விபத்து நஷ்டஈடு யார் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கையைக் குறைத்து, தோட்டத்திலேயே சில நாட்கள் தங்குவதற்குப் படி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவமுள்ள ஒரு தொழிலாளியைப் பயிற்சியாளராக நியமித்து, அந்த நேரத்துக்குக் கூலியோடு தனி ஊதியம் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிப் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியராவது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படிச் சுளிப்பவர்கள் காப்பித் தண்டில் அந்தப் புடைப்பை ஒருமுறை கண்டுபிடித்துக் காட்டட்டும்.

பயிற்சி முடிகிற நாளில் மாணவர் தம் பதிவேட்டைத் தராசடியில், தொழிலாளர் முன்னிலையில், உரக்கப் படிக்கட்டும். “இது இப்படி இல்லை தம்பி” என்று அவர்கள் சொல்கிற இடங்களைத் திருத்தட்டும். ஆசிரியர் அதன் பிறகு கையெழுத்துப் போடலாம்.