அடங்கக் கற்பித்தோம், அலறக் கற்பித்தோமா?



நம் தமிழ்ப்பள்ளி விழாக்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வெள்ளுடை அணிந்த மாணவர்கள் கராத்தே செய்து காட்டுவார்கள். பலகை உடையும், சிலம்பம் சுழலும், அரங்கம் அதிரக் கைதட்டல் எழும். "எங்கள் பிள்ளைகள் தற்காப்புக் கலை கற்றவர்கள்" என்று மேடையில் பெருமிதத்தோடு அறிவிப்பார்கள்.

சிலம்பத்தையும் கராத்தேவையும் குறைகூறுவது என் நோக்கமன்று. அவை உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு ஒழுங்கும் தருபவை. ஆனால், பலகையை உடைத்த அதே மாணவன் பள்ளி முடிந்து வாயிலில் நிற்கும்போது, "தம்பி, உன் அம்மாவுக்கு விபத்து, வா, மருத்துவமனைக்குப் போகலாம்" என்று முன்பின் அறியாத ஒருவர் அழைத்தால் என்ன செய்வான்? பலகை திருப்பி அடிக்காது. ஆசை காட்டிப் பேசாது. பெயர் சொல்லி அழைக்காது. தீயவன் இவை அனைத்தையும் செய்வான்!

நாம் மறக்கக் கூடாத இரு நிகழ்வுகள் இந்நாட்டில் நடந்தன. 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் பங்சாரில், ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஒரு பெண் கடத்திக் கொல்லப்பட்டார். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வங்சா மாஜுவில், வீட்டருகே இருந்த இரவுச் சந்தைக்குச் சென்ற எட்டு வயதுச் சிறுமி காணாமற்போனாள். அடுத்த மாதம் பெட்டாலிங் ஜெயாவில் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டாள். வாகன நிறுத்துமிடமும் இரவுச் சந்தையும் நாம் வாரந்தோறும் சென்றுவரும் இடங்கள். அவ்விருவர் மீதும் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் முழுவதும் அதைச் செய்தவனுடையதே. ஆயினும், எஞ்சியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தோம் என்ற கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது.

தற்காப்பின் முதற்படி விழிப்பு. அமெரிக்க மரைன் படை வீரராக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர் மனநிலையை நான்கு நிறங்களாகப் பகுத்தார். சுற்றுப்புற நினைவே இல்லாத நிலை வெள்ளை. அமைதியாக, ஆனால் கவனத்தோடு இருக்கும் நிலை மஞ்சள். குறிப்பிட்ட ஒன்று ஐயத்தை எழுப்பி, கவனம் அதன்மேல் குவியும் நிலை ஆரஞ்சு. செயல்பட வேண்டிய நிலை சிவப்பு. பொது இடத்தில் மஞ்சளில் இருந்தால் போதும் என்பதே அவர் பாடத்தின் சாரம். மஞ்சள் என்பது அச்சமன்று. சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்கிறோமே, அந்த இயல்பான கவனந்தான்.

இது நமக்குப் புதிதா? திருவள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே படைத்தார். பொச்சாவாமை என்றால் சோர்ந்து மறவாதிருத்தல். பொருள் எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டுக் கைப்பேசியில் முகம் புதைத்தபடி சாலையோரம் நடப்பார்கள்! அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் மகிழுந்துக்குள் கைப்பேசியில் மூழ்கியிருப்பார். பார்த்து வளரும் பிள்ளை வேறு எதைக் கற்கும்?

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கும். நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெருந்தடையாக இருப்பது நாம் ஊட்டும் அளவுகடந்த கீழ்ப்படிதலே. "பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே." "அங்கிள் ஆசையாகக் கூப்பிடுகிறார், போய் மடியில் உட்கார்." "பொது இடத்தில் கத்தாதே, மானம் போகும்." இவற்றைக் கேட்டு வளர்ந்த குழந்தை, ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுக்கும்போது எங்கிருந்து குரல் எடுக்கும்? நலக்கல்விப் பாடத்தில் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிப் படிக்கிறார்கள். வகுப்பில் 'வேண்டாம் என்று சொல்' என்று எழுதவைத்து, வீட்டில் 'வேண்டாம்' என்று சொன்னதற்காகக் கண்டித்தால் அந்தப் பாடத்தால் என்ன பயன்? மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. வணக்கம் சொல்லும் நாவே மறுப்பும் சொல்லப் பழக வேண்டும்.

வீட்டிலும் பள்ளியிலும் பழக்க வேண்டியவை இவை:

1. குடும்பத்துக்குள் ஒரு மறைச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாத எவருடனும், அறிந்தவராயினும், பிள்ளை செல்லக் கூடாது.

2. அலறப் பழக்குங்கள். தமிழில் மட்டும் கத்தினால் குடும்பச் சண்டை என்று பிறர் விலகக்கூடும். "தோலோங்! இனி புக்கான் பாப்பா சாயா!" என்று மலாயிலும் கத்தட்டும். தமிழாசிரியரே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். உயிர் காக்கும் வேளையில் சுற்றி நிற்பவர் அனைவருக்கும் புரியும் மொழியே சிறந்த மொழி!

3. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் உதவுவார் என்று நின்றுவிடுவதுண்டு. "சிவப்புச் சட்டை அண்ணா, 999க்கு அழையுங்கள்!" என்று ஒருவரைச் சுட்டிக் கேட்க வேண்டும்.

4. சாலையோரம் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடங்கள். கைப்பை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்; வாரைக் கையில் சுற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வருபவன் பறித்தால் விட்டுவிடுங்கள். பைக்காகப் போராடி, இழுபட்டு விழுந்து உயிரிழந்தோர் இந்நாட்டில் உண்டு.

5. வாகன நிறுத்துமிடத்தில் சாவியை முன்கூட்டியே கையில் எடுங்கள்; பின்னிருக்கையைப் பாருங்கள்; ஏறியவுடன் கதவைப் பூட்டுங்கள். பொருள்களை அடுக்குவதும் செய்தி படிப்பதும் பிறகு.

6. பேரங்காடிக்குள் நுழைந்ததும், "இங்கிருந்து வெளியேற எத்தனை வழி? தொலைந்துபோனால் யாரிடம் போவாய்?" என்று பிள்ளையிடம் விளையாட்டாகக் கேளுங்கள்.

அடிப்பது கடைசி வழி. நம் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வழங்குகின்றன. ஆனால், தேவைக்கு மீறிய தீங்கு கூடாது என்றும், அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை என்றும் 99ஆம் பிரிவு வரம்பிடுகிறது. பையில் கத்தி வைத்துக்கொள்வது தற்காப்பு ஆகாது. பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் ஏந்துவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பிடியிலிருந்து விடுபடும் அளவுக்கே அடி, விடுபட்டதும் ஓட்டம். ஓடுவது கோழைத்தனம் என்று பிள்ளைக்குச் சொல்லும் பயிற்றுநர் எவராயினும், அவரிடம் நம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

"பிஞ்சு மனத்தில் அச்சத்தை விதைக்கலாமா?" என்று சில பெற்றோர் கேட்கின்றனர். தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோம். அதனால் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வர அஞ்சுவதில்லை. என்ன செய்வதென்று அறியாதவனுக்குத்தான் அச்சம் அதிகம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் பலகை உடைக்கும் காட்சி இருக்கட்டும். அதற்கு முன், சபைகூடலில் பத்து நிமிடம் ஒதுக்கி முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அனைவரையும் ஒரே குரலில் அலறச் செய்யுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்லும் உரிமை யார் யாருக்கு உண்டு என்ற பட்டியலைப் பெற்றோரிடம் எழுதி வாங்கி வாயிற்காவலரிடம் கொடுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

தேர்வில் எத்தனை 'ஏ' என்று நாம் கேட்கிறோம். அந்தப் பிள்ளை நாள்தோறும் நலமாக வீடு திரும்பினால்தான் அக்கேள்விக்கே பொருளுண்டு.

சிந்திப்போம்! செயல்படுவோம்!