இலையை ஒட்டினா எழுத்துரு ஆயிடுமா?

அக்கா பொண்ணு டிசைன் படிக்கிறா. ப்ராஜெக்ட்டுக்கு இயற்கையை வச்சு ஒரு தமிழ் எழுத்துரு பண்றேன்னு கொண்டுவந்து காட்டினா. 'அ'வோட வால்ல முருங்கை இலை, 'ம' தலையில ஒரு பூ. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. "இதுல 'குருவி'ன்னு எழுதிக் காட்டு பாப்போம்"னேன். முழிச்சா. 'கு'வே வரையல!

கால், கொம்பெல்லாம் ஒரு தடவை வரைஞ்சா எல்லா எழுத்துக்கும் பக்கத்துல வச்சுக்கலாம். உகர, ஊகார வரிசை அப்படியில்லீங்க. கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. 18 மெய்க்கும் சேர்த்து 36 உருவம் தனித்தனியா வரையணும். அத்தனையிலும் இலையை எங்கே ஒட்டுறது? சின்ன அளவுல அச்சடிச்சா 'ம' தலையில இருக்கிற பூ புள்ளியாத் தெரியும். 'மரம்' 'ம்ரம்' ஆயிடும் :-)

என்னைக் கேட்டா, இயற்கை கோட்டுக்குள்ளேயே இருக்கணும். ஓலைச்சுவடி பார்த்திருப்பீங்க. எழுத்தாணி குத்தினா ஓலை கிழியுமேன்னு பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டாங்க. பனையோலை எழுதுற விதத்தையே மாத்திச்சு. அதுக்காக யாரும் எழுத்துல பனைமரம் வரையல!

"பாகல் கொடியோட சுருளைப் பாரு. எங்கே தடிக்குது, எங்கே மெலியுது, அதை மட்டும் எடுத்துக்கோ"ன்னேன். சமர்ப்பிக்க இன்னும் பத்தே நாள். இப்பப் போய் மாத்தச் சொல்றியேன்னு அக்கா ஒரே திட்டு. நேத்து ராத்திரி 'ணு' மட்டும் எட்டு விதமா வரைஞ்சு அனுப்பியிருக்கா. ஏழாவது சூப்பர்.