நிலவண்டும் உழவரும்

கணியம்பாடிக் கொல்லைகளில் கல்லொன்றைப் புரட்டினால் கருவண்டு விரைந்தோடக் காண்பதுண்டு. கண்டவுடன் காலால் நசுக்குவது பலர்க்கு வழக்கம். அவ்வழக்கம் ஒழிய வேண்டுமென்பது எமது துணிபு.

நிலவண்டுக் குடும்பத்தில் ஏறத்தாழ 40,000 இனங்கள் உள. அவற்றுட் பல பகலிற் கல்லின் கீழும் சருகின் கீழும் ஒடுங்கி, இரவில் வெளிப்பட்டுப் புழுபூச்சிகளை வேட்டையாடுவன. தென்னிந்திய வறண்ட நிலங்களில் வாழும் பெருவண்டொன்றின் கரிய மேனியில் ஆறு வெண்புள்ளிகள் விளங்கும். டேனிய அறிஞர் யோகான் கிறிஸ்டியன் பப்ரிசியஸ் 1775-ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். அது பறக்கமாட்டாது, பகையின்மீது எரியும் அமிலத்தைப் பீய்ச்சித் தன்னைக் காக்கும். ஆயினும் வரப்பில் இடும் தீக்கும், கண்மூடித் தெளிக்கும் நஞ்சுக்கும் முன்னே அவ்வமிலம் என் செய்யும்? இறக்கையால் தப்பவியலாத உயிர் ஓரிடத்தில் அழிந்தால், அங்கே மீண்டும் பரவுதல் எளிதன்று.

பயிருண்ணும் புழுவைக் கொல்லும் நஞ்சு, அப்புழுவை உண்ணும் வண்டையும் கொல்லும். பின்னர்ப் புழுவே முந்திப் பெருகக்கூடும். ஆதலின் வரப்போரச் சருகையும் கல்லையும் விட்டுவைக்குமாறு உழவர்க்கு எடுத்துரைத்தல் விலங்கியல் பயிலும் மாணவர் கடனாம். கூலி கேளாக் காவலரைக் கொன்றபின் விலைகொடுத்து நஞ்சு வாங்குதல் அறிவுடைமையாகுமோ?