படகு வாங்கினால் போதுமா?

விழுப்புரம் ஜில்லாவைப் பற்றிப் பேசுவோர் கரும்பு, நெல், மணிலாக் கொட்டை, ரயில் சந்திப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். அந்த ஜில்லாவுக்குக் கடலும் உண்டு என்பது, திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்று உப்பளங்களைத் தாண்டி மரக்காணத்தில் இறங்கியவர்களுக்கே நினைவு வருகிறது. முற்காலத்தில் இப்படி இருக்கவில்லை. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கிலும், மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினமும் ஓய்மா நாட்டின் ஊர்களாகச் சிறுபாணாற்றுப்படையில் ஒருங்கே வைத்துப் பேசப்படுகின்றன. இன்றோ எக்கியார்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் நடப்பது என்ன என்று திண்டிவனத்துப் பிரமுகர்களைக் கேட்டால், மீன் விலையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது.

மரக்காணத்துக்கு அருகே ஒரு குப்பத்தில் விடியுமுன் நாம் கண்ட காட்சி ஒன்று. புதிய பைபர் படகு. இயந்திரத்துக்கு மாலை சூட்டியிருந்தது. உரிமையாளர் இருபத்தைந்து வயது வாலிபர். படகைத் தள்ள ஆட்கள் தோள் கொடுத்து நிற்க, முதியவர் ஒருவர் மட்டும் மணலில் குந்தியபடி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் என்ன பெரியப்பா, நேரம் ஆகிறதே!” என்று வாலிபர் பரபரத்தார். முதியவர் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து எழுந்து, “இப்போ தள்ளு” என்றார். படகு ஒரு சொட்டு நீரும் ஏறாமல் அலைவாயைக் கடந்தது. அந்தக் கால்மணி நேரத்தில் அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதே புதிதாகப் படகு வாங்கியவர் கற்க வேண்டிய முதற் பாடம்.

இந்தப் பாடம் இன்று அரிதாகிவருவதற்குக் காரணம் உண்டு. கட்டுமரம் இருந்த காலத்தில் சிறுவன் பாட்டனோடு சென்று, பின்னர் தகப்பனோடு சென்று, பல ஆண்டுகள் பிறர் மரத்தில் உழைத்த பிறகே தனக்கென ஒரு மரம் கட்டுவான். உடைமை கடைசியில் வந்தது. கல்வி முந்தி வந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிய ஆழிப்பேரலை இந்த வரிசையைத் தலைகீழாக்கிற்று. அழிந்த கட்டுமரங்களுக்குப் பதிலாகச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் பைபர் படகுகளை ஏராளமாக வழங்கின. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதுவரை பிறர் படகில் பங்குக்குச் சென்றவர் பலர் ஒரே நாளில் சொந்தக்காரர் ஆனார்கள். எல்லோரும் சொந்தக்காரர் ஆனபின் உடன் வர ஆள் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த ஊர்களும் உண்டு. இன்று மானியத்திலும் கடனிலும் படகு வாங்குகிறவர் அந்தத் தலைமுறையின் பிள்ளை.

அவருக்கு நாம் சொல்லுவது இதுதான்: ஓர் ஆண்டு முழுவதும், சோழகக் காற்றும் வாடைக் காற்றும் ஒரு சுற்று வந்து முடியும் வரையில், உம்முடைய படகிலேயே நீர் மாணவனாக இரும். துடுப்பும் இயந்திரமும் அனுபவமுள்ள பெரியவர் கையில் இருக்கட்டும்.

இந்த ஜில்லாவில் காசிமேட்டில் இருப்பதுபோன்ற துறைமுகம் இல்லை. திறந்த கரையிலிருந்து அலையை உடைத்துக்கொண்டே போக வேண்டும். அலை மேலேயே திரும்பி வர வேண்டும். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரியவை சில சேர்ந்து வந்தபின் சற்று ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் முகப்பை நேரே கிழக்கு நோக்கி வைத்துப் பாய வேண்டும். படகு குறுக்கே திரும்பிற்றானால் அடுத்த அலை கவிழ்த்துவிடும். திரும்பி வருவது இன்னும் ஆபத்தானது. அலைக்கு முன்னால் ஓட முயலும் படகின் முகப்பு நீரில் குத்தும். ஆகவே ஓர் அலையின் முதுகிலே ஏறி அதன் வேகத்திலேயே கரை சேர வேண்டும். இது நூலில் படித்து வருவதன்று.

காற்றின் கணக்கும் அப்படியே. பின்னிரவில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றோடு புறப்பட்டு, நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழும்போது திரும்புவது பாய்மர காலத்து வழக்கம். இயந்திரம் வந்ததும் அந்த நேரக் கணக்கைக் கைவிட்டவர்கள் எண்ணெயை இரட்டிப்பாகச் செலவிட்டுப் பிறகுதான் பாட்டன் சொன்னதன் பொருளை உணர்கிறார்கள். நீவாடு என்று மீனவர் கூறும் நீரோட்டம் வடக்கிலிருந்து வருகிறதா தெற்கிலிருந்து வருகிறதா என்பதைப் பார்த்தே வலை விட வேண்டும். எந்தப் பாரில் வலை கிழியும், எந்தச் சேற்றில் இறால் மேயும் என்பதைக் கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் நேர்வைத்துக் குறித்துக்கொள்ளும் வித்தை இன்னும் சில முதியவரிடம் உயிரோடு இருக்கிறது. செயற்கைக்கோள் கருவி அவ்விடத்தின் எண்ணைத் தரும். அடியில் இருப்பது பாறையா சேறா என்பதை அது சொல்லாது.

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. எண்ணெய்ச் செலவைக் கழித்து மிகுந்ததைப் பங்கிடுவதும், அதில் படகுக்கும் வலைக்கும் தனிப்பங்கு வைப்பதும் கரையோர வழக்கம். படகுப் பங்கைச் சொந்த வருமானம் என்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுக்கும் புதியவர், இயந்திரம் பழுதாகும் நாளில் வியாபாரியிடம் முன்பணத்துக்கு நிற்பார். முன்பணம் கொடுத்தவர் மீனுக்கு விலையும் தாமே வைப்பார். அதன் பிறகு படகு யாருடையது என்று கேட்பது வீண்.

இனி ஆழ்கடல். கரைக்கடலில் மீன் குறைந்துவிட்டது, ஆகவே எல்லோரும் ஆழ்கடலுக்குப் போங்கள் என்பது இக்காலத்து உபதேசம். கரைக்கடலின் தொடர்ச்சி ஆழ்கடல் என்று எண்ணுவதைப்போன்ற பிழை வேறில்லை. அது வேறு தொழில். கரைக்கடலில் கவளையும் காரப்பொடியும் காலையில் பிடித்து மதியத்துக்குள் விற்கப்படும். ஆழ்கடலில் பிடித்த சூரை பல நாள் கழித்துக் கரை சேர வேண்டும். சூரையின் உடல் சூடுள்ளது. பிடித்தவுடன் இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் புதைக்காவிட்டால் சதை கெட்டு விலை பாதியாகும். எண்ணெயை மூன்றாகப் பிரித்து, ஒன்று போக, ஒன்று வர, ஒன்று இடருக்கு என்று வைக்காதவர் போகவே கூடாது. தனிப் படகாகவும் போகக் கூடாது. கைப்பேசி கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே மௌனமாகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது, ஆழ்கடலில் தலைமுறைக் கணக்கில் பழகிய கன்னியாகுமரி ஜில்லாத் தூத்தூர்க் கரை மீனவர்களே எச்சரிக்கை எட்டாமல் பெருந்தொகையாக மாண்டனர். அவர்கள் கதி அதுவாயின், நேற்று மாலை சூட்டிய படகின் கதி என்ன?

அதே 2017-ஆம் ஆண்டில் பாக் நீரிணை மீனவருக்காக வகுத்த திட்டத்தையும் நினைவூட்டுகிறோம். இழுவை மடியை விட்டு ஆழ்கடல் தூண்டிலுக்கு மாறுவோருக்கு, 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு நூற்றுக்கு 70 பங்கு மானியம். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. இலக்கின் அருகில்கூடச் செல்லவில்லை. அன்றன்று கரை திரும்பிப் பழகியவரைப் பல நாள் கடலில் தங்கச் செய்யப் பணம் மட்டும் போதவில்லை.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோர நீரைச் சிறு படகுகளுக்கென ஒதுக்கிற்று. அந்த நீரில் விசைப்படகு புகுந்து வலையை அறுத்தால் முறையிடும் உரிமை உமக்கு உண்டு, அதை உபயோகியும். அவ்வாறே, விரைவில் பணம் என்று ஆசை காட்டிச் சுருக்குமடியில் பங்கு சேர அழைப்போரிடம் ஜாக்கிரதையாக இரும். அது 2000-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதியும் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரு நாள் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. மிதவைச் சட்டை இல்லாமல் புறப்பட வேண்டாம். கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்துறை ஏற்பட்டபோது அதை நடத்திய ஸர் பிரெடரிக் நிகல்சன் அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தர்தாம். ஆயினும், கட்டுமரக்காரனை ஒரே பாய்ச்சலில் நீராவிக் கப்பலுக்குத் தாவச் சொல்லாமல், படிப்படியாகவே உயர்த்த வேண்டும் என்ற விவேகம் அவரிடம் இருந்தது. நம்மவர் ஆளும் காலத்தில் படிகளைக் காணோம். புதுவைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் மணலை மறித்ததால் பொம்மையார்பாளையம் பக்கத்தில் கரையைக் கடல் அரித்துவிட்டது. படகை ஏற்றி வைக்க மணலே இல்லாத ஊருக்குப் படகு மானியம் கொடுப்பதில் என்ன பொருள்? முதலில் கரை, பிறகு கல்வி, அதன் பிறகு படகு.

கல்விக்கு ஸ்தாபனம் இல்லாமலில்லை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்நெட்டின் கிளை சென்னை ராயபுரத்திலேயே இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ஆனால் மரக்காணத்துக் கூலி மீனவர் தொழிலை விட்டு மாதக்கணக்கில் அங்கே போய்த் தங்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அவற்றில் ஆழ்கடல் கண்டவர்கள் அந்நாட்களில் வேலையின்றி இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, குப்பங்களிலுள்ள பெரியவர்களையும் கூட்டி, மரக்காணத்திலும் கோட்டக்குப்பத்திலும் அந்த இரண்டு மாதம் வகுப்பு நடத்தலாம். மானிய விண்ணப்பத்தோடு அந்த வகுப்பின் சான்றையும் கேட்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஓர் ஆழ்கடல் படகின் விலைக்கு மேல் போகாது என்பது நமது அபிப்பிராயம்.