படகு வண்டிக்குப் பின்விளக்கு எங்கே?



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், ஃபைபர் படகுகளை டிரெய்லரில் ஏற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் பார்க்கும் பல டிரெய்லர்களில் பின்விளக்கு எரிவதில்லை. சிவப்புப் பின்விளக்கு 155 மீட்டர் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி.

பல்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. உப்புக்காற்றில் எர்த் இணைப்பு துருப்பிடிப்பதே பெரும்பாலும் கோளாறு. தண்ணீர் புகாத எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, இரும்புச் சட்டகத்தை நம்பாமல் எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தால் நெடுநாள் உழைக்கும். டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுவதும் அவசியம்.

தடைக்காலம் தொடங்குமுன் மீன்வளத் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து கடலோர ஊர்களில் விளக்குச் சோதனை முகாம் நடத்த வேண்டும்.

– ஒரு வாசகர், மரக்காணம்