மருந்தைக் காக்க டாக்டர்களைப் பழக்குங்கள்!

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும், கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும், பொன்னேரி வயல்களிலும் பாடுபடும் மக்களுக்குக் காய்ச்சல் கண்டால் என்ன நடக்கிறது? லீவு போட்டால் கூலி போகும். ஆஸ்பத்திரியில் காத்து நின்றால் அன்றைய வேலை போகும். ஆகவே மருந்துக் கடையே கதி. கடைக்காரர் கொடுக்கும் நாலு மாத்திரையில் இரண்டை விழுங்கிவிட்டு, மீதியை மறுமுறைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, ஷிப்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

அந்த மாத்திரை பல சமயம் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் மருந்து. சளிக்கும், வைரஸால் வரும் காய்ச்சலுக்கும் அது எள்ளளவும் உதவாது. ஆனால் தேவையின்றித் தின்னத் தின்ன, உடம்பிலுள்ள கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவை மட்டும் தப்பிப் பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே இந்த எச்சரிக்கையை விடுத்தார். உலகம் கேட்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டனர் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர்.

மருந்து மழுங்கினால் முதலில் பலியாவது யார்? இரும்புத் தகடு கிழித்த காயத்தோடு வரும் தொழிலாளி. பிரசவ வார்டில் கிடக்கும் விவசாயக் கூலிப் பெண். அவள் பெற்ற பச்சிளங்குழந்தை. சாதாரண ஊசி பலிக்காதபோது விலையுயர்ந்த ஊசி எழுதப்படும். அதற்குத் தாலியை அடகு வைப்பதும் நம் வீட்டில்தான்.

"படிக்காத ஜனங்களின் அறியாமை" என்று பழியை ஏழைகள் தலையில் போடுவோர் உண்டு. சீட்டில் ஆன்டிபயாடிக்கை எழுதுவது யார்? படித்த டாக்டர்தான். அவரையும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வாசலில் நூறு நோயாளிகள். சீழையும் ரத்தத்தையும் சோதித்துக் கிருமி இன்னதென்று சொல்லும் முடிவு கையில் இல்லை. மருந்துக் கம்பெனி ஏஜெண்டோ புது மருந்தின் புகழைப் பாடிக்கொண்டு எதிரில் நிற்கிறார். "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதிவிடுகிறார்.

இதற்கு மாற்று உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஆன்டிபயாடிக் உபயோகத்தைக் கண்காணிக்க ஒரு குழு. கிருமிச் சோதனை நிபுணர், மருந்தாளுநர், நர்சு ஆகியோரைச் சேர்த்து அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஒரு டாக்டர். மருந்து தொடங்குமுன் சோதனைக்கு எடுத்தார்களா, இரண்டு மூன்று நாளில் முடிவைப் பார்த்து மருந்தை மாற்றினார்களா, நிறுத்த வேண்டியதை நிறுத்தினார்களா என்று வார்டு வார்டாக அவர் கேட்பார். பெரிய சர்ஜனிடமும் "இது வேண்டியதில்லை" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். ஒருநாள் சொற்பொழிவு கேட்டுச் சான்றிதழ் வாங்கினால் இது வந்துவிடாது.

2012-ல் பல மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி வகுத்த "சென்னைப் பிரகடனம்" ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்பாடு கோரியது. 2014 மார்ச் முதல் அமலான எச்-1 பட்டியல்படி, அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கண்காணிப்புக் குழுக்களுக்கு வழிமுறைகளை வகுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் தொடங்கிய இந்த வேலை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டாமா?

ஏழைகளிடம் இது நடக்காது என்பவர்களுக்குச் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1956-ல் இங்கு தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துக் கவனித்தது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரிய நோயாளிகளைப் போலவே அவர்களும் குணமடைந்தனர் என்பதை 1959-ல் உலகுக்குக் காட்டியது. சரியான மருந்தும் இடைவிடாத கவனிப்பும் கிடைத்தபோது வறுமை குறுக்கே நிற்கவில்லை!

திருவள்ளூரில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். நாம் கோருவது இவைதான்:

மாவட்ட, தாலுகா, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டருக்கு இப்பயிற்சி அளித்து, இதற்கென்றே நேரமும் அதிகாரமும் கொடுக்க வேண்டும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் எடுக்கும் மாதிரிகளை இலவசமாகச் சோதித்து முடிவை விரைவில் தர வேண்டும். மருந்துக் கம்பெனிப் பணம் இப்பயிற்சியின் பக்கமே வரக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும், நோய்ப்பட்ட நாளில் வருமானம் கிடைக்க வழி செய்ய வேண்டும். வயிற்றை வாடவிட்டு "ஓய்வெடு" என்று உபதேசிப்பதில் பயனில்லை.

நம் பங்கும் உண்டு. "இது ஆன்டிபயாடிக்கா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று டாக்டரைத் தயங்காமல் கேளுங்கள். மிஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனஸோடு இதையும் சேர்க்கட்டும். மழுங்கிய அரிவாளைத் தீட்டிக்கொள்ளலாம். மழுங்கிய மருந்தைத் தீட்ட முடியாது!