வேலை கொடுங்கள், வாடகைக்கு வீடு கொடுங்கள்

பொதுமக்களுக்கு, சென்னையில் வாழும் திருநங்கைகள் சிலர் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" ரயிலிலும், கடை கேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்கப் போகும் இடத்திலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. உழைக்க நாங்கள் தயார். வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

எங்களில் பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது. நடையையும் குரலையும் வைத்து வகுப்பில் கேலி, வீட்டில் அடி. வெளியேறி வந்தவளை, திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் மூத்தவர் ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்கிறார். அவருக்கும் தெரிந்த பிழைப்பு இரண்டுதான்: கடை கேட்பது, பாலியல் தொழில். பட்டம் பெற்றவள் நேர்முகத் தேர்வுக்குப் போனால், சான்றிதழில் உள்ள ஆண் பெயரையும் எதிரே இருப்பவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். போனில் "வந்து பாருங்க" என்ற வீட்டுக்காரர், நேரில் கண்டதும் "வீடு முடிஞ்சிடுச்சு" என்கிறார். கொடுப்பவரும் கூடுதல் வாடகை கேட்கிறார். அதைக் கட்டத்தான் பலர் இரவில் சாலையோரம் நிற்கிறோம். அங்கே அடிபட்டுப் புகார் கொடுக்கப் போனால், "நீ ஏன் அங்க நின்ன?" என்பதே முதல் கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008இல் தமிழ்நாட்டில் எங்களுக்கென நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் எங்கள் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. கல்வியிலும் வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் திருநங்கையான பிரித்திகா யாசினி உயர் நீதிமன்றம் வரை போராடித்தான் காவல் உதவி ஆய்வாளர் ஆனார். வேலை வேண்டும் ஒவ்வொருத்தியும் வழக்குப் போட முடியுமா?

வேறு வேலை கேட்கிறோம் என்பதற்காகப் பாலியல் தொழில் செய்பவர்களை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. அவர்களையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே காவல்துறைக்கு அறிவுறுத்தியது. அந்தத் தொழில் ஒன்றே எங்களுக்கு விதிக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்கிறோம்.

பெற்றோரே, பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். ஆசிரியர்களே, வகுப்பில் கேலி எழும்போது அங்கேயே நிறுத்துங்கள். முதலாளிகளே, எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர்களே, மற்றவர்களுக்குச் சொல்லும் வாடகையையே எங்களுக்கும் சொல்லுங்கள். காவல்துறையினரே, எங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள். அரசே, கல்வியிலும் வேலையிலும் எங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கொடுங்கள்.

உழைத்துச் சாப்பிடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டென்றால், உழைக்க இடம் தரும் கடமையும் உங்களுக்கு உண்டு.

உரிமையுடன்,
சென்னைத் திருநங்கைகள்